நொடிந்துவரும் ஹோட்டலும் ஸ்தாபன நடத்தையியலும்

ஒரே கூரையின்கீழ் ஒரு பொருள் தயாராகி, தயாரான சில நிமிஷங்களுக்குள் விற்பனையாகி, விற்றவர் கண்ணெதிரிலேயே நுகரப்பட்டும் விடுகிற தொழில்கள் உலகத்தில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது ஹோட்டல் தொழில். ஆலையில் நூற்ற நூல் சந்தை நிலவரம் சீர்ப்படும் வரையில் கிடங்கில் காத்திருக்கலாம். கல்லிலிருந்து எடுத்த தோசையோ கால் மணி நேரங்கூடக் காத்திராது. ஆகவே அடுப்பின்முன் நிற்பவருடைய மனநிலையும், இலையின்முன் அமர்ந்திருப்பவருடைய மனநிலையும், இவ்விருவருக்கும் நடுவே தட்டேந்தி ஓடுகிறவருடைய மனநிலையும் ஒன்றையொன்று அக்கணமே தாக்குகின்றன. மற்றத் தொழில்களில் சிப்பந்திகளுக்குள் எழுந்த பூசல் உற்பத்தியைக் கெடுத்து, தரத்தைக் கெடுத்து, வாடிக்கையைக் கெடுப்பதற்கு மாதக்கணக்காகலாம். ஹோட்டலில் அது அத்தனையும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. மனிதர்கள் கூடி உழைக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறார்கள், ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்கிற ஸ்தாபன நடத்தையியல் என்னும் துறைக்கு இதைக்காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. அத்துறை கண்டறிந்தவற்றுள் எவை நொடிந்துவரும் ஒரு ஹோட்டலைத் தூக்கி நிறுத்தப் பயன்படும், எவை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வியாபாரம் குறைகிறது என்று கண்டதும் முதலாளிமார் செய்கிற காரியங்கள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எண்ணெயின் தரத்தைக் குறைப்பார்கள், ஆட்களைக் குறைப்பார்கள், பெயர்ப்பலகையையும் விளக்குகளையும் புதுப்பிப்பார்கள், அதுவரை போடாத பலகாரங்களைப் பட்டியலில் சேர்ப்பார்கள், எதுவும் பலிக்காதபோது சரக்கு மாஸ்டரை அனுப்பிவிட்டுப் போட்டிக் கடையிலிருந்து வேறொருவரை அதிகச் சம்பளத்துக்கு அழைத்து வருவார்கள். இந்த நடவடிக்கைகள் ஒவ்வொன்றிலும் மறைந்து நிற்கிற நம்பிக்கை, தோஷம் ஏதோ ஒரு பொருளிலோ ஏதோ ஓர் ஆளிலோ இருக்கிறது என்பதுதான். ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் இடையே, வேலை கைமாறுகிற இடத்தில், தோஷம் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதேயில்லை. கல்லாவிலிருந்து பார்க்கும்போது தனித்தனி ஆட்கள் தென்படுகிறார்களேயன்றி, அவர்களுக்கு இடையே உள்ள உறவு தென்படுவதில்லை. அந்த உறவைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இந்த இயலின் பெரும் பயன் என்பது என் துணிபு.

இத்துறையின் வரலாறு சிகாகோவை அடுத்த சிசெரோ என்னும் ஊரில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த பரிசோதனைகளிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது மரபு. விளக்கின் ஒளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி எதிர்பார்த்தபடி மாறாமற்போனதைக் கண்டு வியந்த ஆராய்ச்சியாளர்கள், தொழிலாளியின் உழைப்பை நிர்ணயிப்பது வெளிச்சமோ ஓய்வு நேரமோ மாத்திரம் அன்று, உடன் உழைக்கும் சிறு கூட்டத்தின் எழுதாச் சட்டங்களும்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்டன் மேயோவின் பெயர் இதனோடு இணைந்து பிரசித்தி பெற்றது. அப்பரிசோதனைகளின் கணக்குகளைப் பின்னாளில் பலர் நுணுகி ஆராய்ந்து கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். கண்டனங்களில் நியாயமும் உண்டு. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி பழுதற்றது. அந்தக் கேள்வியை ஆலையிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஃபுட் ஒயிட் என்ற சமூகவியல் அறிஞர். நம் விஷயத்துக்கு மற்ற எல்லாரையும்விட அவரே முக்கியமானவர்.

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்க உணவகங்கள் ஒரு விசித்திரமான நெருக்கடியில் இருந்தன: சாப்பிட வருகிற கூட்டம் பெருகியது, பரிமாற ஆள் இல்லை, வந்த ஆட்களும் நிலைக்கவில்லை. அப்போது அந்நாட்டு உணவகச் சங்கத்தின் உதவியோடு சிகாகோ சர்வகலாசாலையின் சார்பில் ஒயிட்டும் அவருடைய உடனுழைப்பாளர்களும் சிகாகோவின் 12 உணவகங்களை உள்ளிருந்து ஆராய்ந்தார்கள். அதன் பயனாக 1948இல் ஒரு நூலும், மறு ஆண்டு ஒரு சமூகவியல் பத்திரிகையில் ஒரு கட்டுரையும் வெளிவந்தன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், ஹோட்டலின் உட்பிரச்சினையை அவ்வளவு துலக்கமாகக் காட்டுகிற வேறு ஆராய்ச்சியை நான் கண்டதில்லை.

ஒயிட் முதலில் கவனித்தது ஹோட்டலின் வளர்ச்சி. ஆரம்பத்தில் முதலாளியும் இரண்டு மூன்று பேரும் எல்லா வேலையையும் எல்லாரும் செய்கிற சிறு கடை. வருகிறவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் அளவு பழகியவர்கள். வியாபாரம் பெருகவே சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு, பாத்திரம் துலக்குபவர் வேறு என்று பிரிகிறார்கள். பின்னர் முதலாளியால் எங்கும் நிற்க முடியாமற்போய் மேற்பார்வையாளர் வருகிறார். அதன் பின்னர் தலைமைச் சமையற்காரரும் கணக்குச் சரிபார்ப்பவர்களும் வருகிறார்கள். கடைசியில் சமையலறை வேறொரு தளத்துக்கே போய், இரண்டுக்கும் நடுவே தகவலும் உணவும் சுமந்து ஓடுவதற்கென்றே சிலர் நியமிக்கப்படுகிறார்கள். இப்படி ஐந்து படிகளாக அவர் வளர்ச்சியைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் லாபம் கூடலாம். ஆனால் சமைத்தவருக்கும் உண்டவருக்கும் நடுவே இன்னும் ஒருவர் நுழைகிறார் என்பதையும், சாப்பாடு நன்றாயிருந்தது என்ற ஒரு சொல் சமைத்தவர் காதுக்குப் போய்ச் சேரும் வழி இன்னும் ஒரு முழம் நீள்கிறது என்பதையும் முதலாளி உணர்வதில்லை. நன்றாக நடந்த கடை பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கி விரிந்த மறு வருஷமே தள்ளாடத் தொடங்குகிற காட்சி நம் ஊர்க் கடைத்தெருக்களில் அபூர்வமானதன்று. கைராசி போயிற்று என்பார்கள் ஊரார். கையல்ல, கைமாறும் இடங்கள் பெருகிப்போயின என்பதே ஒயிட்டின் நூலிலிருந்து நாம் பெறத்தக்க விடை.

அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. எந்த ஸ்தாபனத்திலும் அந்தஸ்தில் மேற்பட்டவர் சொல்ல, கீழ்ப்பட்டவர் செய்வது வழக்கம். அதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. ஹோட்டலில் மட்டும் வேலையின் இயல்பே இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. சம்பளத்திலும் திறமையிலும் அனுபவத்திலும் மேற்பட்ட சமையற்காரரை நோக்கி, அவற்றில் கீழ்ப்பட்ட பரிமாறுபவர், நாள் முழுவதும் இதைக் கொடு, அதைக் கொடு, சீக்கிரம் கொடு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சிகாகோவில் பரிமாறியவர்கள் பெண்கள், கொடுத்தவர்கள் ஆண்கள் என்பதால் அக்காலத்து ஆண்மையின் ரோஷமும் அதில் சேர்ந்துகொண்டது. கூட்டம் நெரிசலாகிற வேளையில் அவர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள், கேளாதவர்போல் இருந்தார்கள், தாங்கள் விரும்பிய வரிசையில் கொடுத்தார்கள். மேஜையில் வாடிக்கையாளர் பொறுமையிழந்து கடிந்துகொள்ள, இரு பக்கத்திலிருந்தும் அடிபட்ட பரிசாரகப் பெண்கள் மறைவிடம் தேடி அழுதார்கள். யார் அழுகிறார்கள், யார் அழுவதில்லை என்பதையே ஒயிட் ஓர் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் தங்களை ஆட்டிவைக்கும்படி விடாமல், தாங்களே முந்திக்கொண்டு இன்னது நன்றாயிருக்கிறது, இதை வைக்கட்டுமா என்று நடத்திச் செல்கிறவர்கள் நெருக்கடியைத் தாங்கினார்கள் என்பது அவர் கண்ட உண்மை.

இதற்குப் பரிகாரம் என்ன? மேஜையில் நிறுத்திவைத்த ஒரு கூர்முனைக் கம்பி. பரிமாறுபவர் வாயால் கேட்பதற்குப் பதிலாகச் சீட்டில் எழுதி அந்தக் கம்பியில் குத்திவிட்டுப் போகிறார். சமையற்காரர் தமக்கு வசதியானபோது எடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்து, தாமே வரிசைப்படுத்திச் செய்கிறார். சொன்னவர் முகம் மறைகிறது. சீட்டு மட்டும் நிற்கிறது. வேறொரு கடையில் இரு தரப்பாருக்கும் நடுவே இருந்த உயரமான மேடை ஒருவரை ஒருவர் பார்க்கவொட்டாமல் மறைத்ததாலேயே சச்சரவு குறைந்திருந்தது. எலியாஸ் போர்ட்டர் என்ற உளவியல் அறிஞர் 1962இல் இந்தக் கம்பியைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று எழுதி, அது ஞாபகப் பதிவேடாகவும், வருகிற வேகத்துக்கும் செய்கிற வேகத்துக்கும் நடுவே தாங்கும் அணையாகவும், முன்பின் முறைமையைக் காக்கும் வரிசையாகவும் ஒருங்கே பயன்படுவதை விளக்கினார். மனிதர்களின் குணத்தைத் திருத்தப் புகுவதற்குமுன் அவர்கள் சந்திக்கிற இடத்தைத் திருத்து என்ற இந்தப் போதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். பிரான்ஸ் தேசத்துச் சமையல் நிபுணர் எஸ்காஃபியே 1890 முதல் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையலறையைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்து, கூச்சலையும் வசைமொழியையும் விலக்க முயன்றதும் ஒரு தத்துவ நூலைப் படித்து அன்று. அனுபவம் அவரையும் இந்த இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது.

சமையலறைக்குள்ளும் படிநிலை உண்டு என்பதை ஒயிட் காட்டிய விதம் வியக்கத்தக்கது. காய்கறி ஆயும் பெண்கள் எந்தக் காயைக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்கள் மதிப்பு அமைந்திருந்தது. அலங்காரத்துக்கு வைக்கும் நறுமணத் தழைகளை நறுக்குபவர் உச்சியில், பச்சை அவரையும் கீரையும் காரட்டும் அடுத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் உரிப்பவர் அடியில். மணம், ஈரம், அழுக்கு, கையில் ஒட்டும் கறை ஆகியவை மனிதர்களின் அந்தஸ்தாக மாறுகிற இந்த ரசவாதம் சிகாகோவுக்கு மாத்திரம் உரியதா? நம் ஹோட்டல்களில் சரக்கு மாஸ்டருக்கும் கிளீனருக்கும் நடுவே எத்தனை படிகள் உள்ளன என்பதையும், எச்சில் இலை எடுக்கிறவர் அந்த இலையில் பரிமாறுகிற வேலைக்கு உயர எத்தனை வருஷம் ஆகிறது, உயர்ந்ததே உண்டா என்பதையும் யாரும் ஆராயவில்லை. இங்கே வேலையின் அழுக்கோடு ஜாதியும் சேர்ந்துகொண்டது. சென்னைத் திருவல்லிக்கேணியின் முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957இல் பெரியார் ஈ.வே.ரா. நடத்திய கிளர்ச்சியில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றது, சமைக்கும் கை யாருடையது என்பதே இந்நாட்டில் ஒரு விற்பனைச் சரக்காக இருந்ததைக் காட்டும் சான்று. பலகை போயிற்று, அடுக்களைக்குள் இருந்த படிகள் அனைத்தும் அதனோடு போய்விட்டன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி மாறுதலைப் பற்றிய சிந்தனைகளுக்கு வருவோம். பிரஷ்யாவில் 1890இல் பிறந்து, 1933இல் நாஜி ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற யூத அறிஞர் கர்ட் லெவின் இத்துறையின் தந்தை எனலாம். அவருடைய மிகப் புகழ்பெற்ற பரிசோதனையே உணவைப் பற்றியது. யுத்தகாலத்தில் நல்ல மாமிசம் படைகளுக்குப் போனபோது, இல்லத்தரசிகள் வழக்கமாக ஒதுக்கிவந்த இருதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சமைக்கும்படி அவர்களை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களான பெண்களில் 13 முதல் 17 பேர் வரை கொண்ட ஆறு குழுக்களை அமைத்து, பாதிக் குழுக்களுக்கு அவற்றின் சத்தையும் சிக்கனத்தையும் சமையல் முறையையும் நயமாக எடுத்துரைக்கும் பிரசங்கமும், மற்றப் பாதிக்குத் தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்கும் வாய்ப்பும் அளித்தார்கள். நேரம் இரு சாராருக்கும் ஒன்றே, முக்கால் மணி. பின்னர் விசாரித்தபோது பிரசங்கம் கேட்டவர்களில் 100க்கு 3 பேரும், பேசி முடிவெடுத்தவர்களில் 100க்கு 32 பேரும் அதுவரை சமைக்காத மாமிசம் ஒன்றைச் சமைத்திருந்தார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வாடிக்கையாளரே தெய்வம் என்று உபந்நியாசம் செய்கிற முதலாளிகளும் மேலாளர்களும் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

லெவினுடைய மற்றொரு கருத்து, ஒரு பழக்கம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதை முன்தள்ளும் சக்திகளும் தடுக்கும் சக்திகளும் சமமாக நிற்பதே என்பது. தள்ளும் சக்தியைக் கூட்டியும் மாறுதலைக் கொண்டுவரலாம், தடுக்கும் சக்தியைக் குறைத்தும் கொண்டுவரலாம். முதல் வழியில் பதற்றம் ஏறுகிறது, இரண்டாவதில் இறங்குகிறது. இதன் பிரயோஜனத்தைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பலகாரம் தாமதமாகிறது என்ற குறைக்கு, வேகமாகப் போடு என்று கத்துவது தள்ளுவது. அடுப்பில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பர்னரைச் சரிசெய்வது, சட்னி வைக்கிற இடத்தைத் தோசைக்கல்லின் பக்கத்துக்கு மாற்றுவது, எதிரெதிரே ஓடுகிற சப்ளையர்கள் முட்டிக்கொள்ளும் ஒற்றை வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறப்பது ஆகியவை தடையை நீக்குவது. எந்தத் தடை எங்கே இருக்கிறது என்பது அங்கே ஓடுகிறவருக்கே தெரியும். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. உறைந்ததை இளக்கி, மாற்றி, மறுபடி உறையவைப்பது என்று பாடநூல்கள் அவர் பெயரால் சொல்கிற மூன்று படிகளை அவர் 1947இல், தாம் காலமான ஆண்டில் வெளியான கட்டுரையில், சுருக்கமாகவே சொன்னார். பின்வந்தோர் அதை ஒரு பெரிய சாஸ்திரமாக வளர்த்தார்கள். ஜான் கோட்டர் 1995இல் வகுத்த எட்டுப் படிகளும் அந்தக் கிளையைச் சேர்ந்தவையே. பெருநிறுவனங்களுக்கு அவை பயன்படலாம். அவசர உணர்ச்சியை உண்டாக்கு என்று தொடங்குகிற அந்த முறையில், இரண்டு மாதச் சம்பளம் பாக்கியுள்ள கடையில் வேலை செய்கிறவர்களுக்குக் கற்றுத்தர எதுவும் இல்லை; அவர்களிடம் அவசரமும் அச்சமும் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கின்றன.

லெவினுடைய மாணாக்கர் வழியில் கோக், ஃபிரெஞ்சு என்னும் இருவர் வர்ஜீனியா மாகாணத்தின் ஹார்வுட் பைஜாமா ஆலையில் நடத்தி 1948இல் வெளியிட்ட பரிசோதனை, மாறுதலுக்கு எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காட்டியது. வேலை முறையில் செய்யவிருந்த சிறு மாறுதலை ஒரு குழுவுக்கு உத்தரவாக அறிவித்தார்கள். ஒரு குழு தன் பிரதிநிதிகளின் வழியாகக் கலந்துகொண்டது. இரு குழுக்களில் அனைவருமே கூடித் திட்டமிட்டார்கள். உத்தரவு பெற்ற குழுவில் 40 நாட்களுக்குள் 100க்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களின் உற்பத்தி பழைய அளவை எட்டவேயில்லை. கூடித் திட்டமிட்டவர்களில் ஒருவரும் போகவில்லை; விரைவில் பழைய அளவையும் தாண்டினார்கள். அதைவிட முக்கியமானது பின்கதை: உத்தரவு பெற்ற குழுவில் எஞ்சியவர்களையே சில மாதங்களுக்குப் பின் வேறொரு வேலைக்கு மாற்றும்போது கலந்தாலோசித்தார்கள், அதே மனிதர்கள் அப்போது நன்றாகச் செய்தார்கள். பிடிவாதம் ஆளின் குணம் என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆயினும் ஆய்வாளன் இங்கே நின்றுவிடலாகாது. அதே பரிசோதனையை நார்வே தேசத்துச் செருப்பு ஆலை ஒன்றில் ஃபிரெஞ்சும் அந்நாட்டு அறிஞர்களும் செய்துபார்த்து 1960இல் முடிவை வெளியிட்டபோது, உற்பத்தியில் அத்தகைய வேற்றுமை தோன்றவில்லை. தொழிலாளரின் குரல் சங்கத்தின் வழியாகவே ஒலிப்பது முறை என்ற வழக்கம் ஊறிய நாட்டில், சிறு சில்லறை விஷயங்களில் மட்டும் யோசனை கேட்பது உண்மையான பங்காகத் தோன்றாமல் போயிற்று. இதிலிருந்து நான் பெறும் பாடம்: முடிவு ஏற்கெனவே ஆகிவிட்ட பிறகு கருத்துக் கேட்கும் கூட்டம் கூட்டுவது, கூட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல். எதில் யோசனை கேட்கிறோமோ அதில் அந்த யோசனைக்குக் கட்டுப்படச் சித்தமாயிருக்க வேண்டும். கட்டுப்பட மனமில்லாத விஷயத்தில் உத்தரவு என்றே சொல்லி உத்தரவிடுவது கௌரவமானது.

ஊக்கத்தைப் பற்றிய கோட்பாடுகள் இவ்வியலில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவை. நம் விஷயத்துக்கு அவற்றின் பயன் சுருக்கமானது. மாஸ்லோ 1943இல் தேவைகளைப் படிப்படியாக அடுக்கினார். ஹெர்ஸ்பெர்க் 1959இல், சம்பளமும் சூழலும் சரியாக இல்லாவிட்டால் அதிருப்தி பிறக்கும், சரியாக இருப்பதால் மட்டும் திருப்தி பிறக்காது, திருப்தி வேலையின் சாரத்திலும் பாராட்டிலும் இருக்கிறது என்றார். மக்ரிகர் 1960இல், மனிதன் சோம்பேறி என்று நம்பி ஆள்வதும், பொறுப்பை நாடுகிறவன் என்று நம்பி ஆள்வதும் ஆகிய இருவகை மனோபாவங்களைப் பிரித்துக் காட்டினார். ஹெர்ஸ்பெர்க் விசாரித்தது பிட்ஸ்பர்க் வட்டாரத்து 200 பொறியியலாளரையும் கணக்காளரையும். புகையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, உறங்க இடமில்லாமல் சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளை ஒதுக்கிப் படுக்கிற ஒருவரிடம் அவர் இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு இலேசாகப் பேசியிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். சென்னை ராஜ்யம் உணவகத் தொழிலாளருக்கென்றே 1958இல் தனிச் சட்டம் இயற்றியதும், தமிழ்நாடு 2021இல் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர்க்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் செய்ததும் எதைக் காட்டுகின்றன? தக்க நேரத்தில் சம்பளம், படுக்க இடம், உட்கார ஒரு பலகை ஆகிய அடிப்படைகள் இல்லாத இடத்தில் எந்தத் தத்துவமும் வேரூன்றாது.

சம்பளத்தின் தொகையைவிட அதன் நியாயமே மனிதரை மிகுதியும் வாட்டுகிறது என்பதை ஸ்டேசி ஆடம்ஸ் 1960களில் விளக்கினார். தன் உழைப்பையும் ஊதியத்தையும் பக்கத்திலிருப்பவனுடைய உழைப்போடும் ஊதியத்தோடும் ஒப்பிட்டே மனிதன் அமைதியடைகிறான் அல்லது கொதிக்கிறான் என்பது அவர் கொள்கை. இதை ஹோட்டல் தொழிலிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது போன்ற ஒரு நிகழ்ச்சி நியூயார்க்கில் நடந்தது. அங்கே டிப்ஸ் பரிமாறுபவருக்கே சேரும். சமைப்பவருக்குப் பங்கு கிடையாது. விலைவாசி ஏற ஏறப் பரிமாறுபவர் வருமானம் தானாகவே ஏறியது, அடுப்படியாரின் சம்பளம் பின்தங்கியது. டேனி மேயர் என்ற பிரபல உணவக அதிபர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸையே ஒழித்து, விலையை உயர்த்தி, அந்த வருமானத்தை இரு சாராருக்கும் பங்கிடுவதாக அறிவித்தார். நோக்கம் உத்தமமானது, ஆனால் பரிமாறுபவர்களில் பலர் வருமானம் குறைந்து விலகினார்கள், உயர்ந்த விலை வாடிக்கையாளரை உறுத்தியது, 2020இல் அவர் டிப்ஸை மீண்டும் அனுமதித்து, அடுப்படியாருக்கு விற்பனையில் ஒரு பங்கு தரும் வேறு வழியை நாடினார். ஓர் அநியாயத்தை நீக்கும் மாறுதல்கூட, அதனால் இழப்படைகிறவர்களுக்குப் புதிய அநியாயமாகவே தோன்றும் என்பதையும், சுற்றிலும் உள்ள கடைகளெல்லாம் பழைய முறையில் நடக்கும்போது ஒரு கடை மாத்திரம் மாறி நிற்பது எத்தனை கடினம் என்பதையும் இந்த வரலாறு போதிக்கிறது.

மற்றும் இரு கருத்துக்களைக் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல், முகமலர்ச்சியும் பணிவும் கூட உழைப்பே, அதற்கும் உடலுழைப்பைப் போன்ற களைப்பு உண்டு என்று நிறுவினார். கல்லாவிலிருந்து சற்றுமுன் வசை வாங்கிய சப்ளையர் மேஜையில் சிரிக்க வேண்டியிருப்பது இரட்டை உழைப்பு. ஏமி எட்மண்ட்ஸன் 1999இல் விளக்கிய மனப் பாதுகாப்பு என்ற கருத்து, பிழையைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது என்பது. மாவு அதிகமாகப் புளித்துவிட்டதை விடியற்காலையில் ஒருவன் பயமின்றிச் சொன்னால் வேறு பலகாரத்துக்குத் திட்டமிடலாம். பயந்து மறைத்தால் அந்த மாவு அறுபது இலைகளுக்குப் போய்ச் சேரும்.

இவ்வளவு கருத்துக்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கத்தக்க உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. காபியைப் பரப்புவதற்கென்று 1936இல் பம்பாயில் முதலில் திறக்கப்பட்டு, பின்னர் காபி போர்டின் நிர்வாகத்தில் பல நகரங்களில் நடந்துவந்த இந்தியா காபி ஹவுஸ்களை, 1950களின் நடுவில் மூடிவிட போர்டு தீர்மானித்து ஆட்களை வேலையிலிருந்து விலக்கத் தொடங்கியது. ஏ.கே. கோபாலனின் தலைமையில் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு அக்கடைகளைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். முதற்சங்கம் 1957 ஆகஸ்டு 19ஆம் தேதி பெங்களூரில் அமைந்தது. திருச்சூரில் 1958 மார்ச் 8ஆம் தேதி கேரளத்தின் முதற்கடை திறந்தது. நேற்றுவரை ஆர்டர் எடுத்தவர் இன்று நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அங்கத்தினர். மேலாளரும் அவர்களுள் ஒருவரே. கோக், ஃபிரெஞ்சு ஆகியோர் ஆலையில் சில வாரம் சோதித்ததை இவர்கள் ஆறு தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். பல சங்கங்கள் நிலைத்தன, கேரளத்தில் செழித்தும் வளர்ந்தன. ஆனால் எல்லாக் கடைகளும் செழிக்கவில்லை. சில நகரங்களில் வாடகைச் சுமையும் கடனும் அழுத்த, பட்டியலையும் முறைகளையும் மாற்றத் தயங்கியே காலங்கழித்த கடைகளும் உண்டு. உடைமை கைமாறினால் அவமானமும் விலகலும் குறைகின்றன என்பதற்கு அவை சான்று. மாறுதலைத் தொடர்ந்து செய்யும் திறம் உடைமையோடு தானாக வந்துவிடாது என்பதற்கும் அவையே சான்று. சொந்தமாகிவிட்ட பழக்கத்தை மாற்றுவது, முதலாளி விதித்த பழக்கத்தை மாற்றுவதைவிடக் கடினம்.

ஆகவே நொடிந்துவரும் ஒரு ஹோட்டலை ஏற்பவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், சம்பளப் பாக்கியைத் தீர்ப்பதில் தொடங்கி, அடுத்தபடியாகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள ஜன்னலின் அருகில் சில நாள் நெரிசல் வேளையில் பேசாமல் நிற்பதில் தொடரலாம் என்பேன். யார் யாரைக் கேட்கிறார், எத்தனை முறை கேட்கிறார், எந்தக் குரலில் கேட்கிறார், கேட்டது எழுத்தில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா, திரும்பி வந்த தட்டைப் பற்றி உள்ளே யாராவது சொல்கிறார்களா என்பவற்றைக் கண்டுகொண்ட பிறகு, அந்த ஜன்னலின் இரு பக்கத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு சிறு முறையை, சீட்டு வைக்கும் இடமோ பார்சல் கட்டும் வரிசையோ எதுவாயினும், அவர்களே மாற்றும்படி விட வேண்டும். பெயர்ப்பலகை அதுவரை பொறுக்கும்.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பது பெரிய குறைபாடு. இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அடுப்பின்முன் நிற்பவர்களில் கணிசமானோர் வங்கம், ஒடிசா, அஸ்ஸாம், பீகார் ஆகிய ராஜ்யங்களிலிருந்து வந்தவர்கள். மாஸ்டர் ஒரு மொழி, உதவியாள் ஒரு மொழி, சப்ளையர் ஒரு மொழி. அந்த ஜன்னலில் இப்போது அந்தஸ்தோடு பாஷையும் முட்டுகிறது. கேட்டது விளங்காமல் தாமதிப்பவனும் வேண்டுமென்று தாமதிப்பவனும் வெளித்தோற்றத்துக்கு ஒன்றாகவே தென்படுகிறார்கள். கைப்பேசிக் கம்பெனிகளின் வழியாக வரும் ஆர்டர்களோ முகமே இல்லாத மூன்றாவது குரலாகச் சேர்ந்துகொண்டு, கூடத்தில் அமர்ந்திருப்பவரோடு தோசைக்கல்லுக்குப் போட்டியிடுகின்றன. ஒயிட் சிகாகோவில் செய்ததைப்போல, நம் சர்வகலாசாலைகளின் சமூகவியல் மாணவர்கள் சிலர் தமிழ்நாட்டின் ஒரு டஜன் ஹோட்டல்களில் ஆறு மாதம் சப்ளையராகவும் கிளீனராகவும் வேலைக்குச் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் கண்டதை எழுதிவைத்தால், எந்தப் பலகாரத்தைச் செய்பவருக்கு மதிப்பு, எந்த மொழிக்கு ஜன்னல் முதலில் திறக்கிறது, எச்சில் இலை எடுத்தவர் எத்தனை பேர் மாஸ்டரானார்கள் என்ற கேள்விகளுக்கு முதன்முறையாக விடை கிடைக்கும். அதற்கு வேண்டிய பணம் ஒரு பெரிய ஹோட்டலின் முகப்பைப் புதுப்பிக்கிற செலவுக்குள் அடங்கும். ஹோட்டல் முதலாளிகளின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அதைக் கொடுக்க முன்வர வேண்டும்.